பாரம் எங்கே இறங்குகிறது? ஏழடிக் கவசம் செய்யத் தொடங்குபவருக்கு

எங்கள் ஒழுங்கையில் சப்பரம் கட்டுகிற ஐயா ஒருவர் இருக்கிறார். ஒரு பின்னேரம் படலையடியால் போனவர், விறாந்தையில் நான் மட்டையும் கத்தியுமாக இருந்ததைக் கண்டு உள்ளே வந்தார். தரையில் ஒரு நெஞ்சுக்கவசம் கிடந்தது. சைக்கிள் சில்லு ஒன்றை உள்ளே படுக்கவைக்கலாம், அவ்வளவு அகலம். சுவரில் ஒட்டியிருந்த படத்தில் ஒரு விண்வெளிப் படைவீரன். பூசணிக்காயைப் பிளந்து கவிழ்த்த மாதிரித் தோள்கள், உரல் போலக் கால்கள். இது என்ன, யாருக்கு, இதால் என்ன பிரயோசனம் என்று வீட்டில் எல்லாரும் கேட்டதை அவர் கேட்கவில்லை. ஒருமுறை சுற்றிவந்து பார்த்தார். பிறகு, "தம்பி, உதின்ரை பாரம் எங்கை இறங்குது?" என்றார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த மட்டைக் கவசம் பிறகு அடுப்புக்குப் போய்விட்டது. கேள்வி மட்டும் போகவில்லை. ஆளைவிடப் பெரிய கவசம் ஒன்றைச் செய்ய நினைக்கிறவர் முதலில் யோசிக்கவேண்டியது அதைத்தான். வெட்டுவதும் ஒட்டுவதும் பிறகு கைக்குத் தானாக வரும்.

அறிபுனைக் கதாபாத்திரம், அதாவது அறிவியல் கற்பனைக் கதையில் வருகிற ஆள் போல உடுத்திப் பார்க்கிற ஆசை பழையது. 1939இல் நியூயோர்க்கில் நடந்த முதலாவது உலக அறிபுனை மாநாட்டுக்கு ஃபொரஸ்ட் அக்கர்மன், மேர்ட்டில் டக்ளஸ் என்ற இரண்டு இரசிகர்கள் எதிர்கால உடுப்புப் போட்டுக்கொண்டு போனார்கள். இருவருடையதையும் செய்தவர் டக்ளஸ்தான். அது ஆளின் அளவுக்குத் தைத்த உடுப்பு. இங்கே நான் சொல்லப்போவது வேறு சாதி. உள்ளே நிற்கிற ஆள் ஐந்தரை அடி, வெளியே தெரிகிற உருவம் ஏழடி. வடமோடிக் கூத்தில் அரசனுக்குக் கட்டுகிற கரப்புடுப்பை நினைத்துப் பாருங்கள். இடுப்பைச் சுற்றிக் கோழி மூடுகிற கரப்பு மாதிரி விரிந்து நிற்கும். அந்த அகலம் ஆடுகிறவரின் உடம்பிலிருந்து வருவதில்லை, உள்ளே இருக்கிற வளையத்திலிருந்து வருகிறது. பெருங்கவசம் என்பது உச்சி முதல் உள்ளங்கால் வரை அப்படி ஒரு கரப்பு.

உண்மையான இரும்புக் கவசத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஐரோப்பாவில் 15ஆம் நூற்றாண்டில் போருக்குப் போட்ட முழுக் கவசம் பெரும்பாலும் 15 முதல் 25 கிலோவுக்குள் இருந்தது. அது உடம்போடு ஒட்டி, ஆளின் மூட்டு எங்கே மடிகிறதோ அங்கேயே தானும் மடிந்தது. அதனால் அதைப் போட்டுக்கொண்டு ஓடலாம், குதிரையில் ஏறலாம். விண்வெளிக் கவசத்தைக் கீறுகிற ஓவியருக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. உள்ளே மோட்டார் இருக்கிறது, அது தூக்கும் என்று கதை சொல்லிவிடும். அப்படி நிசமாகவே செய்து பார்த்தவர்களும் உண்டு. 1960களில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் ஹார்டிமேன் என்ற பெயரில் ஒரு இயந்திர உடல் செய்தது. கிட்டத்தட்ட 680 கிலோ. ஒரு கையை ஒழுங்காக இயக்கியதோடு சரி. நம்மிடம் இருக்கிற மோட்டார் நம்முடைய இரண்டு கால்கள்தான்.

சரி, அளவுக்கு வருவோம். படத்தை 1.3 மடங்கு பெருப்பித்தால் முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். கவசம் பெருக்கும். உள்ளே இருக்கிற ஆளின் எலும்பு பெருக்காது. இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி இருக்கிறது. சுவரில் முதுகை வைத்து நில்லுங்கள். யாரையாவது கரித்துண்டால் உங்கள் கண், தோள், முழங்கை, இடுப்பு மூட்டு, முழங்கால் எல்லாவற்றுக்கும் நேரே கோடு போடச் சொல்லுங்கள். எனக்குக் கோடு போட்டது தங்கச்சி. என் உயரம் 170 செ.மீ. முழங்கால் 48இல் வந்தது, இடுப்பு மூட்டு 90இல், தோள் 139இல், கண் 159இல். பிறகு அதே சுவரில், பக்கத்திலேயே, 220 செ.மீ. உயரமான கவசத்துக்கு அதே விகிதத்தில் கோடு போட்டோம். முழங்கால் 62, இடுப்பு 116, தோள் 180, கண் 206.

இரண்டு வரிசையையும் சேர்த்துப் பார்த்தால் விஷயம் பிடிபடும். நான் 20 செ.மீ. உயரமான அடிக்கட்டையில் ஏறினால் என் முழங்கால் 68க்கு வருகிறது, இடுப்பு 110க்கு. கவசத்தின் கோடுகளுக்குக் கிட்ட. அதாவது ஒரு சாண் அளவு ஏறி நின்றாலே கால்கள் கிட்டத்தட்டப் பொருந்திவிடுகின்றன, நடக்கலாம். ஆனால் கண் இப்போது 179இல் இருக்கிறது. கவசத்தின் தோள்கோட்டுக்கு நேரே! அப்படியென்றால் கவசத்தின் தலைக்குள் என் தலை இல்லை. அது வெறும் பொம்மைத் தலை. நான் அதன் கழுத்துக்குள்ளால் உலகத்தைப் பார்க்கவேண்டும். கழுத்தில் கறுப்பு வலைத்துணி வைத்தால் வெளியே இருந்து நிழல் மாதிரித்தான் தெரியும், உள்ளே இருந்து பாதை தெரியும். கையும் அப்படித்தான். பக்கவாட்டில் நீட்டினால் என் விரல் நுனி கவசத்தின் மணிக்கட்டைத் தாண்டுவதே கஷ்டம். ஆகவே உள்ளே ஒரு கைப்பிடியைப் பிடித்துக்கொள்ள, அதற்கு அப்பால் பொய்க்கை நீளும். பெரிய கவசங்களைப் பார்த்து வியக்கிறவர்கள் பலருக்கு இந்த இரகசியம் தெரியாது. கூடுதலான உயரம் காலுக்குக் கீழேயும், தலைக்கு மேலேயும், கைக்கு அப்பாலும் ஒளித்துவைக்கப்படுகிறது. நடுவில் இருக்கிற முழங்காலையும் இடுப்பையும் மட்டும் ஏமாற்ற முடியாது.

பொம்மைத் தலை பிடிக்கவில்லை என்றால் இன்னொரு தந்திரம் உண்டு. சொந்தத் தலையிலேயே தலைக்கவசம் போட்டு, தோள்களைக் காதுக்கு மேலே ஏற்றிவிடுவது. உயரம் இரண்டு மீற்றரைத் தாண்டாது. ஆனாலும் தலை சிறுத்து, தோள் பெருத்து, பார்க்கிறவருக்குப் பூதம் மாதிரி இருக்கும். முதல் தடவை செய்கிறவருக்கு நான் இதைத்தான் சொல்வேன். உயரத்தைவிட அகலம் மலிவு.

இனி நிறை. ஒரு பொருளின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் இரண்டு மடங்காக்கினால் மேற்பரப்பு நாலு மடங்காகும், கனவளவு எட்டு மடங்காகும். கலிலேயோ 1638இலேயே இதை விளக்கிவிட்டார். எலும்பை அதே அமைப்பில் பெருப்பித்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் தன் பாரத்தையே தாங்காது என்றார். நம்முடைய 1.3 மடங்குக்கு மேற்பரப்பு 1.7 மடங்கு, கனவளவு 2.2 மடங்கு. கவசம் உள்ளே வெறுமையான கோது என்பதால் நமக்கு மேற்பரப்புக் கணக்கு. அது பெரிய அதிர்ஷ்டம். ஆறு சதுர மீற்றர் மேற்பரப்பு என்று வைத்துக்கொள்வோம். அதை ஒரு மில்லிமீற்றர் இரும்புத் தகட்டில் செய்தால் 47 கிலோ. நாலு மில்லிமீற்றர் பிளைவுட்டில் 14 கிலோ அளவில் வரும். கன மீற்றருக்கு 100 கிலோ அடர்த்தியுள்ள ஈவிஏ ஃபோமில், பத்து மில்லிமீற்றர் தடிப்பில் செய்தாலும் ஆறு கிலோதான். ஈவிஏ என்றதும் எங்கே தேடுவது என்று பயப்படவேண்டாம். சின்னப் பிள்ளைகளுக்குத் தரையில் கொளுவி விரிக்கிற எழுத்துப் பாய் அதுதான். மெத்தென்ற லேசான செருப்புகள் பலவும் அதுதான்.

வல்வெட்டித்துறைக் கடற்கரையில் தைப்பொங்கலன்று ஏற்றுகிற பட்டங்களைப் பார்த்தவர்களுக்கு இந்தத் தத்துவம் புதிதாக இராது. ஒரு வீடளவு உருவம். உள்ளே சீவிய மூங்கில், வெளியே மெல்லிய தாள், வேறொன்றும் இல்லை. கவசத்தின் நெஞ்சுக்குள்ளும் நான் மூங்கில் வளையம்தான் போட்டேன். ஃபோம் தனியாக நின்றால் வெய்யிலில் தொய்யும்.

இப்போது ஐயாவின் கேள்வி. ஆறு கிலோ ஃபோம், வளையம், பட்டி, மின்விசிறி, பற்றரி எல்லாம் சேர்ந்தால் பத்துப் பன்னிரண்டு கிலோவுக்கு வந்துவிடும். ஒரு மூட்டை அரிசியைவிடக் குறைவுதானே என்று தோன்றும். ஆனால் அந்தப் பன்னிரண்டு கிலோவையும் கழுத்தடியில் இரண்டு பட்டியால் தொங்கவிட்டுப் பத்து நிமிடம் நின்று பாருங்கள். தோள் தசை குத்தத் தொடங்கும், விரல் விறைக்கும். மலையேறுகிறவர்களின் முதுகுப்பையைக் கவனித்தால் இடுப்பில் தடித்த பட்டி ஒன்று இருக்கும். பாரத்தின் பெரும்பங்கு அதால் இடுப்பெலும்பில் இறங்குகிறது, அங்கிருந்து நேரே காலுக்குப் போகிறது. தோள்பட்டி பை பின்னுக்குச் சரியாமல் பிடிப்பதோடு சரி.

கவசத்திலும் அதேதான். எஸ்லோன் பைப்பால், அதாவது பிவிசிக் குழாயால், முதுகுக்கு ஒரு சட்டம் செய்தேன். கீழே அகலமான இடுப்புப் பட்டி, மேலே இரண்டு பக்கமும் தோளைத் தாண்டி நீட்டிய கை. நெஞ்சுக்கவசமும் தோள்களும் அந்தச் சட்டத்தில் தொங்குகின்றன. என் தோளுக்கும் சட்டத்துக்கும் இடையில் இரண்டு விரல் போகிற இடைவெளி. தொடைக்கவசம் அதே இடுப்புப் பட்டியில் நாடாவால் தொங்கும். கணைக்கால் கவசம் எதிலும் தொங்காமல் சப்பாத்தின் மேலேயே குந்தியிருக்கும். ஒவ்வொரு துண்டுக்கும் "நீ எங்கே இறங்குகிறாய்" என்று கேட்டுவைத்தால் போதும். சப்பரத்திலும் அப்படித்தானாம். கண்ணுக்குத் தெரிகிற அலங்காரம் எதுவும் எதையும் தாங்குவதில்லை.

ஒரு எச்சரிக்கை. காலடியில் கூடுகிற நிறை, இடுப்பில் கூடுகிற அதே நிறையைவிடச் சில மடங்கு களைப்பைத் தரும், ஏனென்றால் ஒவ்வொரு எட்டுக்கும் அதைத் தூக்கி வீசவேண்டும். அடிக்கட்டையை மரத்தில் செய்ய ஆசை வரும், வேண்டாம். ஃபோம் துண்டுகளை அடுக்கி ஒட்டி, அடியில் சைக்கிள் ரயர் துண்டு பிடித்துவிட்டால் வழுக்காது. அகலமாகச் செய்யுங்கள். பொய்க்கால் குதிரை ஆடுகிறவர்கள் ஓரிடத்தில் சும்மா நிற்பதில்லை, கவனித்திருப்பீர்கள். கட்டையின் அடி சிறிது, ஆகவே விழாமல் இருக்கக் காலை மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும். நமக்கு அசையாமல் நின்று படம் எடுக்கவும் வேண்டும்.

சரி, கோதை எப்படிச் செய்வது? இங்கேதான் ஆட்கள் அதிகம் பயப்படுகிறார்கள். வளைந்த உருவத்தைத் தட்டையான ஃபோமில் எப்படி வெட்டுவது? உருளையை நீளவாட்டில் வெட்டி விரித்தால் ஒரு நீள்சதுரம். கூம்பை வெட்டி விரித்தால் விசிறி. இவை இரண்டும் லேசு. கை, கால், இடுப்பு எல்லாம் இவற்றால் முடிந்துவிடும். பந்து வடிவம்தான் சிக்கல். தோடம்பழத் தோலை எப்படி உரித்தாலும் கிழியாமல் மேசையில் தட்டையாகப் பரவாது. அதனால் குடைத்துணிக்காரர் செய்வதைச் செய்யவேண்டும். குடையை விரித்துப் பாருங்கள். எட்டு முக்கோணத் துண்டுகள், பக்கங்கள் கொஞ்சம் வளைந்தவை. தனித்தனியே தட்டை, சேர்த்தால் குவி. என் தோள்கவசம் ஒவ்வொன்றும் எட்டு இலைதான். கணினியில் முப்பரிமாண உருவத்தைக் கொடுத்தால் இப்படித் துண்டுகளாக விரித்துத் தருகிற பெப்பகுரா போன்ற மென்பொருள்கள் இருக்கின்றன. முதல் கவசத்துக்கு அவை தேவையில்லை. பழைய ரீவிப் பெட்டி மட்டையில் வெட்டி, ஒட்டுநாடாவால் பொருத்திப் பார்த்து, பிழைத்தால் எறிந்துவிட்டு மறுபடி வெட்டுவது நல்ல பள்ளிக்கூடம்.

மட்டையில் சரியாக வந்தது ஃபோமில் பிழைக்கும். இதில் நான் ஒரு முழுப் பாயைப் பழுதாக்கினேன். கணைக்காலுக்கு உள்விட்டம் 20 செ.மீ. வேண்டும். சுற்றளவு 63 செ.மீ. என்று கணக்குப் போட்டு வெட்டினேன். வளைத்து ஒட்டினால் கால் நுழையவில்லை. காரணம் தடிப்பு. பத்து மில்லிமீற்றர் ஃபோமை வளைக்கும்போது உள்பக்கம் நெரிகிறது, வெளிப்பக்கம் இழுபடுகிறது. உள்ளே 63 வரவேண்டுமென்றால் வெளியே 69. இரண்டும் இல்லாமல் நடுத்தடிப்பின் அளவான 66இல் வெட்டவேண்டும். மூன்று சென்ரிமீற்றர்தான், ஆனால் அந்த மூன்றுதான் காலைப் பிடித்துக்கொண்டது. அதோடு, கணைக்கால் அளவுக்குக் குழாய் செய்தாலும் பாதம் அதற்குள்ளால் போகுமா என்பதையும் பாருங்கள். குதி இடிக்கும். பின்பக்கம் திறந்து, ஒட்டிப் பிரிக்கிற வெல்குரோ நாடா வைப்பது நல்லது.

ஒட்டுவதற்குச் சப்பாத்துத் தைப்பவர்கள் பூசுகிற மஞ்சள் பசை. இரண்டு முகத்திலும் மெல்லிதாகப் பூசி, உடனே சேர்க்காமல் பத்து நிமிடமளவு விடவேண்டும். புறவிரலால் தொட்டால் விரலில் ஒட்டக் கூடாது. அந்த நேரத்தில் நுனியிலிருந்து நுனிக்கு விரலால் அழுத்திக்கொண்டே போனால் பிடித்தது பிடித்ததுதான், திருப்பி எடுக்க முடியாது. அவசரக்காரருக்கு ஏற்ற பசை இல்லை. முற்றத்தில், காற்றில் வைத்துச் செய்யுங்கள், அறைக்குள் வேண்டாம். அதன் ஆவி தலையைச் சுற்றவைக்கும்.

ரெஜிபோம் (தெர்மோகோல்) இன்னும் லேசானதே, அதில் செய்தால் என்ன என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். பொம்மைத் தலைக்கு ரெஜிபோமில் வடிவாக ஒரு மண்டை சீவி எடுத்து, அதே மஞ்சள் பசையைப் பூசிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனேன். திரும்பிவந்தால் மண்டையில் பாதி இல்லை. பொலிஸ்டைரீனைப் பசையில் இருக்கிற கரைப்பான் கரைத்துவிடும். ஸ்பிரே பெயின்ற்றும் பெரும்பாலும் அதைத்தான் செய்யும். ரெஜிபோம் வேண்டுமென்றால் பைண்டர் கம் என்ற வெள்ளைப் பசையும் கடதாசியும் இரண்டு மூன்று படை சுற்றிய பிறகுதான் மற்றதெல்லாம்.

ஃபோமை வளைவாக நிறுத்துவதற்குச் சூடு. ஹீட் கன்னைக் கிட்டப் பிடித்து அசைத்துக்கொண்டே இருந்தால் மேற்பரப்பு மங்கலிலிருந்து கொஞ்சம் மினுங்கத் தொடங்கும். அந்தக் கணம்தான் கணம். கையுறையோடு எடுத்துக் கவிழ்த்த பானையின் மேல் அழுத்திப் பிடித்து, ஆறும் வரை விடாமல் இருந்தால் பானையின் குவிவு ஃபோமில் தங்கிவிடும். அம்மாவின் சோற்றுப்பானை என் முழங்கால் கவசத்துக்கு அச்சு. கேட்டு எடுத்தேன் என்று சொல்லமாட்டேன். மினுங்கின இடத்தில் நுண்துளைகள் அடைபட்டுவிடுவதால் பெயின்ற்றை உறிஞ்சுவதும் குறையும்.

பெயின்ற் பற்றிச் சுருக்கமாக. தண்ணீர் விட்டு இளக்கிய பைண்டர் கம் நாலைந்து தடவை, பிறகு கறுப்பு, பிறகு நிறம். கவசம் புதிதாகப் பளபளத்தால் விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கும். பழைய லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் ஒன்றின் மட்காட்டைப் போய்ப் பாருங்கள். நடுவில் நிறம் இருக்கும், விளிம்பிலும் கை படுகிற இடத்திலும் இரும்பு வெளியே தெரியும், ஆணித்தலைக்குக் கீழே துரு ஒழுகியிருக்கும். உப்புக்காற்று ஊர்க்காரருக்கு இதற்குப் படம் பார்க்கத் தேவையில்லை. காய்ந்த தூரிகையில் வெள்ளி நிறத்தைத் துளி தொட்டு விளிம்பில் மட்டும் தேய்த்தால் ஃபோம் இரும்பாகிவிடும்.

இனிச் சொல்வதை அழகைவிட முக்கியமாக எடுங்கள். சும்மா இருக்கிற ஒருவரின் உடம்பு 100 வாற் பல்ப் அளவு சூட்டை வெளியே விடுகிறது. பாரத்தோடு நடந்தால் அது மூன்று மடங்கைத் தாண்டும். வேர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். ஃபோம் சூட்டையும் விடாது, ஈரத்தையும் விடாது. ஆவணி மாத யாழ்ப்பாணத்தில், பகல் பன்னிரண்டு மணிக்கு, அதற்குள் நிற்பது அவியப் போவதற்குச் சமம். இடுப்படியில் காற்று நுழைய வழி விடுங்கள், கழுத்தடியில் வெளியேற வழி விடுங்கள். சூடான காற்று தானாக மேலே போகும். கணினியில் இருந்து கழற்றிய சின்ன விசிறி இரண்டை அதற்கு உதவியாக வைக்கலாம். ஐந்து வோல்ற்றில் ஓடுகிற விசிறி என்றால் பவர் பேங்க் போதும். அப்படி இருந்தும் நான் இருபது நிமிடத்துக்கு மேல் உள்ளே இருப்பதில்லை. தலை கிறுகிறுத்தால் ஒரே இழுவையில் கழற்றக்கூடிய மாதிரி நெஞ்சுக்குக் கொக்கி வைத்திருக்கிறேன். மலசலகூடத்துக்குப் போவதையும் முன்கூட்டியே யோசிப்பது புத்தி.

காற்றும் ஒரு ஆள்தான். தென்மேற்குக் காற்றான சோழகம் வீசுகிற மாதங்களில் ஒரு மீற்றர் அகலமான நெஞ்சு பாய் மாதிரிப் பிடிக்கும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் தள்ளுவது நாலு மடங்கு. கட்டையில் ஏறி நிற்கிறவரை அது கவிழ்த்துவிடும். அதனால் எப்போதும் பக்கத்தில் ஒருவர் வேண்டும். சப்பரம் இழுக்கும்போது முன்னால் நீளத் தடியோடு வயரைத் தூக்கிக்கொண்டு போகிறவர் மாதிரி. படி வருகிறது, சின்னப் பிள்ளை ஒன்று ஓடிவருகிறது, இடது பக்கம் திரும்பு என்று சொல்ல ஆள் வேண்டும், ஏனென்றால் கழுத்து வலைக்குள்ளால் உங்கள் காலடி தெரியாது. என் கூட வருவது தங்கச்சி. சம்பளம் ஐஸ்கிறீம்.

படத்தில் இருக்கிற துப்பாக்கியையும் செய்வோமா என்று ஒரு பெடியன் கேட்டான். எங்கள் ஊரில் அந்த உருவத்தில் எதையும் தூக்கிக்கொண்டு வீதிக்குப் போகவேண்டாம். வெறுங்கைப் பூதமே போதும்.

எல்லாத் துண்டும் முடிந்த பின்னேரம், ஐயாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். முற்றத்தில் நின்றேன், முருங்கையின் கீழ்க்கொப்பு பொம்மைத் தலையில் உரசியது. அவர் முகத்தைப் பார்க்கவில்லை, நிறத்தைப் பார்க்கவில்லை. பின்னால் போய்க் கவசத்துக்குள் கையை விட்டு, என் தோளுக்கும் பைப்புக்கும் இடையில் இரண்டு விரலை நுழைத்துப் பார்த்தார். பிறகு இடுப்புப் பட்டியை ஒரு இழுவை இழுத்தார். "இன்னும் ஒரு ஓட்டை இறுக்கு" என்றார்.